சித்திரமும் அளவுக்கோடும்

தென்னாட்டுக் கோயில்கள் தாளில் ஏறிய வரலாற்றை ஆராயப் புகுவோர், ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியில் லண்டனில் அச்சான இரு நூல்களின் படங்களை அருகருகே வைத்து நோக்குதல் நன்று. 1792-இல் தென்னாட்டுப் பிரயாணத்தைத் தொடங்கிய தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், எதிரிலுள்ள காட்சியைக் கண்ணாடி வில்லையின் வழியே தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டியின் துணையோடு எழுதிச் சென்று, 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 படங்களில் தஞ்சைப் பெரிய கோயிலும் ஒன்று. வெயில் எத்திசையிலிருந்து விழுகிறது, நிழல் எங்கே அடர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அச்சித்திரங்கள் கண்முன் நிறுத்துகின்றன. ஆயினும், விமானம் மேலே செல்லச் செல்ல ஒடுங்குவதில் கல்தச்சன் அமைத்த ஒடுக்கம் எவ்வளவு, தூரத்தால் நம் கண்ணுக்குத் தோன்றும் ஒடுக்கம் எவ்வளவு என்பதை, எவ்வளவு உற்று நோக்கினாலும் அவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது.

அதைப் பிரித்துக் காட்டியவர், தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாய் விளங்கிய ராம் ராஸ். வடமொழிச் சிற்ப சாஸ்திரங்களை, சிறப்பாக மானசாரத்தை, தொழிலறிந்த சிற்பிகளின் உதவியோடு கற்று அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நூல், அவர் காலஞ்சென்றபின் 1834-இல் 48 படங்களுடன் வெளிவந்தது. உபபீடம், அதிஷ்டானம், ஸ்தம்பம், விமானம் என ஒவ்வோர் அங்கத்தையும் நேர்முகத் தோற்றமாக, தூரத்தின் குறுக்கம் சிறிதுமின்றி நிறுத்துவதால், அப்படங்களில் மேனிலையும் கீழ்நிலையும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. டேனியல்களின் அழகில் மயங்கியவர்களுக்கு இவை வறண்டவையாய்த் தோன்றலாம். எனக்கோ, சுவடியில் அடைபட்டிருந்த ஒரு வித்தையைச் சுவடி படிக்கத் தெரியாதவனும் காணுமாறு செய்த இக்கோடுகளே பெரிய சாதனையாகப் படுகின்றன.

இத்தகைய கோடு நம் சிற்பிகளுக்குப் புதிதன்று. சமன் செய்த கல்லின் முகத்தில் காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டு, நடுவே பிரம்ம சூத்திரத்தை முதலில் நிறுத்தி, முகத்தின் நீளமாகிய ஒரு தாலத்தைப் பன்னிரண்டு அங்குலமாகவும், அங்குலத்தை எட்டு யவமாகவும் வகுத்து, நவதால உருவத்திற்கு 108 அங்குலம், உத்தம தசதாலத்திற்கு 124 அங்குலம் என்று கணக்கிட்டுக் குறுக்குக் கோடுகளை இட்ட பின்னரே ஸ்தபதி உளியை எடுப்பார். இவ்வங்குலம் சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பதாகலின், சாண் அளவுள்ள செப்புத்திருமேனிக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் கணக்கு ஒன்றே. உளி பட்டதும் கோடு அழிந்துவிடும். மீண்டும் நூலடித்து மீண்டும் இடுவார்கள்.

இக்கைவழக்கை நேரில் கேட்டறிந்து ஆராய்ந்தவர்களுள், புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ஷூவோ துப்ராய் தலைசிறந்தவர். 1914-இல் பிரெஞ்சு மொழியில் வெளியான அவரது நூலில், தூணின் போதிகையும் கூரையின் கொடுங்கையும் நூற்றாண்டுதோறும் உருமாறிய விதம் படம் படமாக வரையப்பட்டிருக்கிறது. கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தையும் போதிகையின் வடிவைக் கொண்டு கணிக்கும் வழக்கம் அதன்பின் ஆராய்ச்சியாளரிடையே வேரூன்றியது.