துளையும் எண்ணும்

கார்புரேட்டரின் சரித்திரத்தை வேகத்தின் சரித்திரமாகவே எழுதி வந்திருக்கிறார்கள். எந்தக் கார் எந்தப் பந்தயத்தில் வென்றது, எத்தனை குதிரைச் சக்தி என்கிற பட்டியல்தான் மிச்சம். உள்ளே இருக்கிற சிறு பித்தளைத் திருகையும் அதன் நடுவே போகிற துளையையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பழைய என்ஜின் ஒன்றை மீட்டெடுக்கிறவன் கடைசியில் வந்து நிற்பது இந்தத் துளையிடம்தான். ஜெட் என்று பெயர். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற இடம் அது.

கார்ல் பென்ஸின் 1886ஆம் வருடத்து வண்டியில் ஜெட் கிடையாது. பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு காற்று போகும். கிளம்புகிற ஆவியை என்ஜின் இழுத்துக்கொள்ளும். வெயிலில் ஒரு கலவை, குளிரில் ஒரு கலவை. 1893 பிப்ரவரியில் புடாபெஸ்டின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் பெட்ரோலை நுண்துளை வழியே பீறிடச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். சுமார் ஆறு மாதம் கழித்து ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக்கும் அதையே கோரினார். பூக்காரி ஒருத்தி வாயால் நீர் தெளிப்பதைப் பார்த்து ஹங்கேரியர்களுக்கு யோசனை தோன்றியதாக ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும். கலவை என்பது அளவுக்கு உட்பட்ட விஷயமானது அந்த வருடத்தில்தான்.

அளவு வந்ததும் சிக்கலும் வந்தது. காற்றின் வேகம் கூடக்கூட ஒற்றைத் துளை தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும். நிதானமான ஓட்டத்தில் சரியாக இருந்த கலவை வேகத்தில் செறிந்துவிடும். 1906இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த பிரான்ஸ்வா பவரே இரண்டு ஜெட்களை வைத்துப் பார்த்தார். ஒன்று வேகத்தோடு செறிவு கூட்டுவது. மற்றதற்குப் பெட்ரோல் தன் எடையால் மட்டும் வழிந்து வரும், அளவு மாறாது, ஆகவே காற்று கூடும்போது அதன் கலவை மெலியும். எதிரெதிரான இரண்டு பிழைகளைச் சேர்த்து ஒரு நிதானத்தை உண்டாக்கினார் பவரே. ஸெனித் கார்புரேட்டர் இதிலிருந்து பிறந்தது.

பிறகு எண்கள். எடுவார்டோ வெபர் 1923இல் இத்தாலியின் போலோன்யாவில் கம்பெனி தொடங்கினார். 1945 மே மாதம் அவர் காணாமல் போனார். பெயர் மட்டும் லட்சக்கணக்கான கார்புரேட்டர்களில் தங்கிவிட்டது. வெபர் ஜெட்டில் 130 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.30 மில்லிமீட்டர். பர்மிங்ஹாமில் மோட்டார் சைக்கிள்களுக்காகச் செய்யப்பட்ட அமால் ஜெட்டில் எண்ணுக்கு வேறு அர்த்தம்: ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் வழிகிறது என்பது. ஒருவர் துளையை அளந்தார், மற்றவர் துளை வழியே போவதை அளந்தார். உருவத்தைப் பேசுகிறவர்களுக்கும் விளைவைப் பேசுகிறவர்களுக்கும் இடையே நாம் நடத்துகிற சண்டையைப் பித்தளையில் காண விரும்புகிறவர்கள் இங்கே காணலாம்.

ரீமர் கொண்டு துளையைப் பெரிதாக்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. கையில் சரியான ஜெட் இல்லாதபோது 130ஐ 135 ஆக்கிவிடுவார்கள். விட்டத்தில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத வித்தியாசம், பரப்பில் ஏறக்குறைய எட்டுப் பங்கு. முத்திரையோ 130தான். ரூபாய் நோட்டுகளை எண்ணுகிற வேலையில் இருக்கிறவனுக்கு இது அதிசயமில்லை: அச்சிட்ட எண் நிற்கும், மதிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

துளையைத் தொடாமல் விட்டாலும் எண் பொய்யாவதுண்டு. பெரிய ஆல்ப்ஸ் கணவாய்கள் 2000 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்று மெலிகிறது, அதே ஜெட் கலவையைச் செறிவாக்குகிறது. பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021இல். அதே 2021 செப்டம்பரில் பிரிட்டனில் எத்தனால் பத்துப் பங்கு வரை கலந்த பெட்ரோல் வழக்கமான சரக்காயிற்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய ஜெட்டோடு புதுப் பெட்ரோல் ஊற்றினால் கலவை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு மெலிகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இளம்பழுப்பாக இருக்க வேண்டிய முனை வெளுத்திருக்கும். கலவை ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் பிஸ்டனே உருகலாம்.

1962இல் வந்த ஃபெராரி 250 ஜிடிஓவில் ஆறு இரட்டைக் குழல் வெபர்கள். பன்னிரண்டு மெயின் ஜெட்கள். இப்படிப்பட்ட காரை மீட்கிறவர்கள் தொழிற்சாலைத் தாளில் கண்ட எண்ணையே திருப்பிப் போடுவதை விசுவாசம் என்று நினைக்கிறார்கள். அந்த எண் ஒரு குறிப்பிட்ட காற்றுக்கும் ஒரு குறிப்பிட்ட பெட்ரோலுக்கும் சொன்ன பதில். கேள்வி மாறிய பிறகு பதிலை மட்டும் காப்பாற்றினால் என்ஜின் அன்றுபோல் ஓடாது. உள்ளுறை, இறைச்சி என்று முத்திரையிட்டதை அப்படியே இன்றைய கவிதையில் திருகுகிறவர்களும், எலியட்டின் எண்ணைப் புத்தகத்தில் பார்த்துத் திருகுகிறவர்களும் செய்கிற காரியம் இதிலிருந்து வேறானதில்லை. இரு சாராரும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

1976இல் பாஷ் கம்பெனியின் ஆக்ஸிஜன் உணரி வால்வோ கார்களில் வந்தது. புகையை முகர்ந்து கலவையைக் கணத்துக்குக் கணம் திருத்துகிற கருவி. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக்கு 14.7 என்ற விகிதம் பிசகாமல் வேண்டும். எந்த ஜெட்டாலும் அதைத் தர முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விலகியதற்காக அழ வேண்டியதில்லை. நகரத்தின் நுரையீரல் அதனால் பிழைத்தது. இன்று பழைய கார்க்காரர்கள் இதே உணரியைத் தங்கள் புகைக்குழாயில் பொருத்தி ஜெட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை மரபுத் துரோகம் என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும். ஜெட்டை மாற்றுகிறவன் பழைய எண், புது எண், எந்தப் பெட்ரோலுக்கு, எந்த உயரத்தில், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி வண்டியோடு வைக்க வேண்டும். ரீமர் போட்டிருந்தால் அதையும். அடுத்து வருகிறவன் அங்கிருந்து தொடங்கலாம்.