பூட்டன் நட்ட கூரை

போன மாசம் மாட்டுக்கொட்டகை ஓட்டைப் பிரிச்சு மறுபடி அடுக்கினோம். மயில் நடந்து நடந்து பாதி ஓடு உடைஞ்சு கிடந்துச்சு. விராலிமலைப் பக்கத்து ஊர்களில் மயிலும் ஒரு பங்காளி மாதிரிதான், கேட்காமலே கூரை ஏறும். ஓட்டை இறக்கினதும் திருச்சியில் வேலை பார்க்கிற என் மகன் கைமரத்தைத் தட்டிப் பார்த்துட்டு, "என்னப்பா, இரும்பு மாதிரி இருக்கு?" என்றான்.

இரும்பு இல்லை, பனை. எங்க தாத்தா கட்டின வீட்டுக் கைமரம் அது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. அதுக்கு மறு வருஷம் கட்டின வீடு என்று அப்பா சொல்வார். மரம் நட்டது தாத்தா இல்லை, அவரோட அப்பா, அதாவது என் பூட்டன். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படம்கூட கிடையாது. அவர் போட்ட பனங்கொட்டைக்குக் கீழேதான் இன்னைக்கும் என் மாடு நிக்குது.

எங்க ஆவூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரியநாயகி மாதா கோயில்தான் ஞாபகம் வரும். 1747இல் கட்டின கோயில். வீரமாமுனிவர் வந்து இருந்த ஊர். செங்கல்லும் சுண்ணாம்பும் கோயிலுக்கும் அரண்மனைக்கும்தான். குடியானவன் வீடு மரமும் மண்ணும். அந்த வீட்டைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் எனக்குத் தெரிஞ்சதை எழுதுகிறேன்.

முதலில் கூரை வீடு. கவட்டையுள்ள கால்களை நட்டு, அதன் மேல் முகட்டு வளையைத் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் கைமரம் சாய்த்து, குறுக்கே வரிச்சு கட்டி, பனையோலை வேய்வார்கள். சுவர் கடைசியில்தான். பாரம் முழுக்கக் காலில் நிற்கும், மண்சுவர் வெறும் மறைப்பு. மழையில் சுவர் கரைஞ்சாலும் கூரை நிக்கும், வெயில் வந்ததும் மண்ணைக் குழைச்சு மறுபடி சுவர் வைப்பார்கள். இப்போது கான்கிரீட் தூண் போட்டுக் கட்டுகிற கட்டடத்துக்கும் கணக்கு இதுதான்.

கொஞ்சம் வசதி வந்தால் ஓட்டு வீடு. குயவர் சக்கரத்தில் செய்த நாட்டு ஓடு. அது பாரம், அதனால் மரமும் பலமாக வேண்டும். அங்கேதான் பனை வருகிறது.

தேக்கு, வேம்பு மாதிரி மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும். பனைக்கு நேர் எதிர். வெளிப்பக்கம்தான் கருப்பாக, கெட்டியாக இருக்கும். உள்ளே நார் நாராகச் சோறு மாதிரி. அதனால் பனையை அறுப்பதைவிடப் பிளப்பதுதான் வழக்கம். நல்லா முத்தின மரமாகப் பார்த்து வெட்டி, அடிப்பாகத்தை மட்டும் எடுத்து, ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்து, உள்சோற்றை வாய்ச்சியால் செதுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கைமரம். கரையான் அதைச் சீக்கிரம் தொடாது. நுனிப்பக்கம் கூரைக்கு ஆகாது. எங்க வீட்டுக்கு 4 மரம் வெட்டி 32 கை எடுத்தார்களாம்.

பனை காய்ப்புக்கு வரவே 15, 20 வருஷம் ஆகும். கைமரத்துக்கு முத்த இன்னும் எத்தனையோ வருஷம். தனக்குக் கூரை வேண்டும் என்று எவனும் பனை நட முடியாது. பேரனுக்குத்தான் நட முடியும். தாத்தா வெட்டின 4 மரத்துக்குப் பதிலாக அதே வரப்பில் கொட்டை ஊன்றினார் என்று அப்பா சொல்வார். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மற்ற மரத்துக்கும் அப்படித்தான். நிலைக்கு வேம்பு, தூணுக்குப் பூவரசு, வரிச்சுக்கு மூங்கில். மூங்கிலை வெட்டினதும் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பார்கள், அப்போதுதான் வண்டு துளைக்காது. ஆசாரிக்குக் கூலி களத்தில் நெல்லாகப் போகும். நிலை வைக்கிற அன்றைக்கு மஞ்சள் பூசி, அடியில் காசும் நவதானியமும் போடுவார்கள். முகட்டு வளை தூக்கத் தெருவே வரும். இன்றைக்கு நீ என் வீட்டுக்கு வந்தால் நாளைக்கு நான் உன் வீட்டுக்கு. காசு கொடுத்து வாங்கினது ஓடும் ஆணியும்தான். வீடு கட்டிக் கடன்காரனான கதையை அப்பா காலத்து ஆட்களிடம் நான் கேட்டதே இல்லை.

இதே காலத்தில் எங்க மாவட்டத்தின் தெற்கே திருமயம், ராயவரம், அரிமளம் பக்கம் நகரத்தார் வீடுகள் எழும்பின. அங்கே பர்மாத் தேக்கு. 1852இல் கீழ் பர்மாவும் 1885இல் மேல் பர்மாவும் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணாக நிறுத்தினார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு அறுந்தது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தத் தூண்கள் விலைக்கு நிற்கின்றன. எங்கள் மரம் கப்பலில் வரவில்லை, வரப்பில் வந்தது. அதனால் அது அறுந்துபோன விதமும் வேறு.

முதலில் சீமை ஓடு வந்தது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை போட்டார்கள். அந்தத் தட்டை ஓட்டுக்கு ரம்பத்தில் அறுத்த சட்டமும் ரீப்பரும் வேண்டும். குயவருக்கு வேலை குறைந்தது, ஆசாரி வேலையில் பாதி அறுவை மில்லுக்குப் போனது. அடுத்து தைல மரம். 1974இல் தொடங்கின அரசு வனத்தோட்டக் கழகம் புதுக்கோட்டை மாவட்டக் காடுகளில் அதைப் பரவலாக நட்டது. காகிதத்துக்கு ஆகிற மரம். சில வருஷத்தில் வெட்டிக் காசு பார்க்கலாம் என்று விவசாயிகளும் நட்டோம். அறுபது வருஷக் கணக்கு ஆறேழு வருஷக் கணக்காக ஆனது.

கடைசியில் செங்கல் சூளை. தமிழ்நாடு முழுக்கப் பனைகள் சூளைக்குப் போய் எரிந்தன. எங்க வரப்பில் தாத்தா போட்டதில் தேறின 11 மரத்தில் 7 மரத்தை என் தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பா விற்றார். மரத்துக்குச் சில நூறு ரூபாய்தான். எனக்கும் என் தம்பிக்கும் கூரையாக வேண்டிய மரங்கள் அவை. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், கான்கிரீட் காலத்தில் கைமரம் யாருக்கு? 2012இல் நான் நகையை அடகு வைத்துக் கான்கிரீட் வீடு கட்டினேன். செங்கல் லாரி வந்து இறங்கினபோது, இதில் எந்தக் கல் எங்க பனை எரிஞ்சு வெந்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. வெளியே சொல்லவில்லை.

பழைய வீட்டை ரொம்பப் புகழவும் கூடாது. மரம் வெட்ட வரப்பு வேண்டும். நிலம் இல்லாதவனுக்கு ஏது வரப்பு? அவர்களுக்குக் கடைசி வரைக்கும் ஓலைதான். சில ஊர்களில் இன்னார் ஓடு போடக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஒரு பொறி விழுந்தால் தெருவே எரிந்துபோகும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்க மாவட்டத்துக் கிழக்குப் பக்கம் குடிசைகள் பறந்ததை மறக்க முடியுமா? 2010இல் 21 லட்சம் குடிசைகளை மாற்ற வீட்டுக்கு 75,000 ரூபாய் என்று அரசு திட்டம் போட்டபோதும், 2024இல் கலைஞர் கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் என்று சொன்னபோதும், அந்தத் தளத்துக்குக் கீழே முதல் மழைக்குப் பயமில்லாமல் தூங்கினவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

என் கவலை மரம் போனதில் இல்லை. பார்க்காத ஒருத்தனுக்காக ஒரு வேலை செய்து வைக்கிற பழக்கம் வீடு கட்டுகிற காரியத்துக்குள்ளேயே இருந்தது. அது தனி தர்மம் இல்லை, குடும்பக் கணக்கு. என் வீட்டுக்கு நான் வாங்கின கடன் என் பேரில் இருக்கு. தாத்தா வீட்டில் பூட்டன் முன்கூட்டியே போட்ட முதல் இருந்துச்சு.

வீட்டைப் பிரிச்சபோது 32 கையில் 5 மட்டும்தான் சுவருக்குள் இருந்த முனையில் உளுத்திருந்தது. மிச்சம் 27ஐயும் கொட்டகைக்குப் போட்டேன். 2021இல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொன்னது. எங்க வரப்பில் மிச்சம் 4 மரம் நிக்குது. அனுமதி கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஓடு அடுக்கி முடிச்ச மறுநாள் மரத்தடியில் விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையைக் குளத்துக்கரைப் பக்க வரப்பில் ஊன்றினேன். மகன் கூட வந்து குழி தோண்டினான். "இது எப்பப்பா பெருசாகும்?" என்று கேட்டான். கைமரத்துக்கு ஆகணும்னா உன் பேரன் காலம் என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். அப்புறம் அடுத்த குழியைத் தோண்டப் போனான்.