மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: தையல் காயம் ஆறுவது எப்படி?

கொல்கத்தா: முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் செயற்கை மூட்டைப் பற்றியே பலரும் கேட்கின்றனர். அதைக் காப்பது மேலே இடப்படும் தையலே. முழங்காலின் முன்புறம் தசைப்பற்று குறைவு என்பதால், காயம் ஆறாவிடில் கிருமிகள் எளிதில் உலோகத்தைச் சென்றடையும்.

முன்னாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பையில் இச்சிகிச்சை செய்யப்பட்டது.

தையல் எவ்வாறு?

மூட்டு உறையும் அதன் மேலுள்ள கொழுப்புத் திசுவும் பெரும்பாலும் கரையும் நூலால் தைக்கப்படுகின்றன. தோலை மூட ஸ்டேப்ளர் பின், நைலான் நூல், கரையும் நூல் அல்லது மருத்துவப் பசை பயன்படுகிறது. பின்களும் நைலான் தையலும் பொதுவாக 10 முதல் 14 நாட்களில் அகற்றப்படும். தோல் ஒட்டிவிட்டாலும், 3 வாரங்களுக்குப் பின் காயத்தின் வலிமை இயல்பான தோலில் சுமார் 20 சதவீதமே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

கொல்கத்தாவின் மழைக்காலப் புழுக்கத்தில் கட்டு வியர்வையால் நனையக்கூடும். நனைந்த கட்டை மாற்ற மருத்துவமனையை அணுக வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை குளத்திலோ ஹூக்ளி ஆற்றிலோ நீராடக் கூடாது. மஞ்சள், எண்ணெய் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

லேசான வெப்பமும் வீக்கமும் சில மாதங்கள் நீடிக்கலாம்; தழும்பின் வெளிப்புறம் மரத்துப்போவதும் இயல்பே. ஆனால் நீர்க்கசிவு 5 நாட்களைக் கடந்தாலோ, சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு தோன்றினாலோ அறுவை சிகிச்சை நிபுணரை உடனே அணுக வேண்டும். தாமாக ஆன்டிபயாடிக் உட்கொண்டால் கிருமியைக் கண்டறிவது கடினமாகும். தொற்று முற்றினால் செயற்கை மூட்டையே அகற்ற நேரிடலாம்.