இலந்தை இலையும் சோப்புக் கட்டியும்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், அம்பத்தூரை அடுத்துள்ள எமது மதரஸாவுக்கு ஒரு மாணவியின் தாயார் அட்டைப்பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே, வீட்டிலேயே காய்ச்சி அச்சில் வார்த்த குளியல் சோப்புகள் இருந்தன. கணவருக்கு வேலை குறைந்துபோன காலம். ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியே வரும்போது வாசலோரம் வைத்து விற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டார். என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று வினவினோம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், காஸ்டிக் சோடா, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூப் பொடி என்று வரிசையாகச் சொன்னவர், சற்றுத் தயங்கி, "கூடவே முகம் வெளுக்க ஒரு பொடி, ஹஜ்ரத்" என்றார். அதன் பெயரைக் கேட்டோம். "பெயர் ஒன்றும் போடலீங்க ஹஜ்ரத். பொட்டலமா கட்டிக் குடுத்தாங்க. கல்யாணப் பொண்ணுங்களுக்கு நல்லா எடுக்குதுன்னு சொன்னாங்க."

உடனே விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் புரட்டிய நூல்களும் எண்ணிப் பார்த்த செய்திகளுமே இக்கட்டுரை. உடலில் பூசும் பொருளின் வரலாறு, நம் மார்க்கத்தின் வரலாற்றோடு இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கும் என்று நாமும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தத் தேடல் எம்மை முதலில் இலந்தை மரத்தடிக்கு அழைத்துச் சென்றது. நபி (ஸல்) அவர்களின் மகளார் ஸைனப் (ரலி) மறைந்தபோது, அவரைக் குளிப்பாட்டிய பெண்களுக்கு நபியவர்கள் அளித்த அறிவுரையை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார். தண்ணீராலும் இலந்தை இலையாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் குளிப்பாட்டுமாறும், இறுதி முறை கற்பூரம் சேர்க்குமாறும் அதில் வழிகாட்டப்பட்டுள்ளது. கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்தைத் தழுவியபோது அவருக்குச் சொல்லப்பட்டதும் தண்ணீரும் இலந்தையும் கொண்ட குளிப்பே. மாதவிடாய்க்குப் பிந்தைய குளிப்பைப் பற்றி அஸ்மா (ரலி) என்னும் பெண்மணி வினவியபோதும் இதே இலையே குறிப்பிடப்பட்டது. மார்க்கத்துக்குள் நுழையும் குளிப்பிலும், மாதந்தோறும் வரும் குளிப்பிலும், உலகைவிட்டுப் புறப்படும் குளிப்பிலும் ஒரே இலை இடம்பெறுகிறது.

அரபு நாட்டின் சித்ர் மரமும் நம் ஊர் இலந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலையை நீரில் கசக்கினால் நுரை எழும். நுரைக்குக் காரணம் சபோனின் என்னும் பொருள். சீயக்காயிலும் பூவந்திக் கொட்டையிலும் இருப்பது அதுவே. இன்றும் நம் வீடுகளில் மய்யித்தைக் குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் யாரோ ஒருவர் இலந்தை இலை தேடி ஓடுகிறார். ஒரு காலத்தில் அது அன்றாடப் பொருள். மரம் கண்ணெதிரே நின்றது, பறித்த கையே அரைத்தது. என்ன கலந்திருக்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

தமிழகத்து வீடுகளிலும் இதுவே நிலை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவற்றை வெயிலில் உலர்த்தித் திரித்த நலுங்கு மாவு, மதம் பாராமல் எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இருந்தது. உருது பேசும் குடும்பங்களில் இதற்கு ஒரு சகோதரி உண்டு. மணமக்களுக்குப் பூசும் அந்த வாசனைப் பொடியின் பெயர் சிக்சா. சென்னை மாகாணப் படையின் மருத்துவராக இருந்த ஹெர்க்லாட்ஸ் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்க, ஜாஃபர் ஷரீஃப் என்னும் தென்னாட்டு முஸ்லிம் அறிஞர் எழுதிய 'கானூனே இஸ்லாம்' 1832-ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்தில் வெளியானது. தென்னிந்திய முஸ்லிம்களின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான வழக்கங்களை விவரிக்கும் அந்நூலில் சிக்சாவுக்கும் இடமுண்டு. அவ்வழக்கங்களில் மார்க்கம் ஏற்பவையும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஆனால் நம் பாட்டிமார் தம் தோலில் எதைப் பூசினர் என்பதை அறிந்தே பூசினர் என்பதற்கு அது ஒரு சான்று.

இந்த அறிவு வீட்டைவிட்டு எப்படி வெளியேறியது? பாட்னாவில் 1759-இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது, இங்கிலாந்து சென்று பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலகம் நடத்தினார். எண்ணெய் தேய்த்து உடலைப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லே அங்கு 'ஷாம்பு' ஆயிற்று. நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் ஷாம்பு மருத்துவராக நியமிக்கப்பட்டார். பிடித்துவிடுதலைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் தலைகழுவும் திரவத்தின் பெயராகி, புட்டியில் அடைபட்டு நம்மிடமே திரும்பியது. அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்தவர்களில் முன்னோடி, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்னும் தமிழர். எளிய மக்களுக்கு அது பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சீயக்காய் அரைக்கத் தெரிந்த கைகள் அதன்பின் மெல்ல மெல்லக் குறைந்தன.

சோப்பின் கதையோ இன்னும் நீளமானது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் கலையில் சிரியாவின் அலெப்போவும் ஃபலஸ்தீனின் நாப்லஸும் பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றவை. அலெப்போவில் ஒலிவ எண்ணெயோடு லாரல் எண்ணெயும் சேரும். நாப்லஸில் ஒலிவ எண்ணெயே உயிர். இவ்விரு நகரங்களின் சோப்புக் கலையையும் 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற உலகச் சொல்லே, உவர்நிலச் செடிகளின் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். 1791-இல் லெப்லான் என்னும் பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடாவை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சாம்பலின் தேவை குறைந்தது. சோப்பு ஆலைப் பொருளாயிற்று. 1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின.

அன்றுதான் நம் முன்னோர்முன் ஒரு புதிய கேள்வி எழுந்தது. ஐரோப்பியச் சோப்புகளில் விலங்குக் கொழுப்பு பரவலாகப் பயன்பட்டது. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாது. துப்பாக்கித் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய ஐயம் 1857-இல் ஒரு பெருங்கிளர்ச்சிக்கே தீ மூட்டியதை நினைத்துப் பார்த்தால், இக்கேள்வியின் கனம் விளங்கும்.

ஃபிக்ஹு அறிஞர்கள் இதை முன்னரே ஆராய்ந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர் ஹஸ்கஃபியின் 'துர்ருல் முக்தார்', அசுத்தமான எண்ணெய் சோப்பாக மாறிவிட்டால் அது தூய்மையடைகிறது என்றும், மக்களின் பரவலான தேவையை முன்னிட்டு இதன்படியே தீர்ப்பு வழங்கப்படுகிறது என்றும் கூறுகிறது. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறுவதை இஸ்திஹாலா என்பர். ஷாஃபிஈ மத்ஹபோ இவ்வாசலை அகலத் திறக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலின்படி, இயல்பிலேயே அசுத்தமான பொருள் மாற்றத்தால் தூய்மையாவது, மது காடியாவதும் தோல் பதனிடப்படுவதும் போன்ற மிகச் சில இடங்களில் மட்டுமே.

இது ஏட்டளவில் நின்ற கருத்து வேறுபாடு அன்று. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வேலூர்ப் பக்கத்து ஹனஃபி குடும்பங்களும் தென்கடலோரத்து ஷாஃபிஈ குடும்பங்களும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கின்றன. ஒரே சோப்பு ஒரு வீட்டில் தயக்கமின்றியும் மறு வீட்டில் ஐயத்தோடும் பார்க்கப்பட இடமுண்டு. இரு தரப்பாரின் நோக்கமும் தொழுகைக்குரிய தூய்மையே. கேள்வி கேட்பதைக் குறையாகக் கருதாத சமுதாயம் இது என்பதற்கு அவ்வேறுபாடே அத்தாட்சி.

காலப்போக்கில் கொழுப்பின் சிக்கல் தணிந்தது. மதராஸ் மாகாண அரசு 1914-இல் மலபாரில் சோப்புத் தொழிலைத் தொடங்கி வைத்தது. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் கோத்ரெஜ் நிறுவனம், விலங்குக் கொழுப்பில்லாத 'சாவி' சோப்பைச் சுதேசிப் பொருளாக விற்றது. வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் வெடித்த 1983-இல் கொழுப்பு இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் குளியல் சோப்புகளில் பெரும்பாலானவை பாமாயிலை அடிப்படையாகக் கொண்டவை.

இதற்கிடையே நம் புறநகரும் மாறிப்போயிற்று. ஏரிகளும் தோட்டங்களுமாக இருந்த நிலத்தில் 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஷிப்டுக்குப் புறப்படும் குடும்பத்தில் பயறு உலர்த்த மொட்டை மாடியும் இல்லை, நேரமும் இல்லை. காகிதம் பிரித்தால் நுரைக்கும் கட்டி அவர்களுக்கு ஓர் அருளாகவே அமைந்தது. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் காகிதத்தோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காத பழக்கம் அது.

அந்தத் தாயாரின் பொட்டலம் இங்குதான் எம்மை உறுத்தியது. முகத்தை விரைவில் வெளுக்கச் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் பெயரற்ற பொருள்களில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டுள்ளது. தோலின் நிறமி உருவாவதை அது தடுக்கிறது. அதனால் முகம் வெளுப்பது மெய்தான். ஆனால் தோல் வழியே உள்ளே செல்லும் பாதரசம் சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்கு ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த வெளுப்புக் களிம்புகளையே காரணமாகச் சுட்டினர். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் அது. இந்திய அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை நீங்கலாக, மற்ற பொருள்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட 10 இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரி வந்தார். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாவதில் மார்க்கத் தடை ஏதுமில்லை என்று முதலில் சொன்னோம். பின்னர் காரத்தின் அளவைப் பற்றிப் பேசினோம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். சிறிது எண்ணெய் மிஞ்சினால்தான் தோலுக்கு இதம் என்பதால் 174 கிராம் அளவில் நிறுத்துவது நன்று. வேறு எண்ணெய்க்கு வேறு கணக்கு. ஆகவே கைக்கணக்கு கூடாது, தராசு வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. வார்த்த கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும். விற்பனைக்கென்றால் அரசு உரிமமும் பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பொடியின் பேச்சு வந்ததும் முகம் வாடினார். "அது இல்லாம யாரு ஹஜ்ரத் வாங்குவாங்க? பொண்ணு பார்க்க வர்றவங்க நிறத்தைத்தானே முதல்ல பார்க்கிறாங்க?" என்றார்.

அந்தக் கேள்வி அவரிடம் மட்டும் நிற்கவில்லை, எம்மையும் சுட்டது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் மறைந்திருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் செய்தியை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். கறுப்பருக்கு மேல் வெள்ளையருக்குச் சிறப்பில்லை என்று இறுதிப் பேருரையில் அவர்கள் அறிவித்ததை மேடைதோறும் முழங்குகிறோம். பாங்கு சொல்லும் போதெல்லாம் பிலால் (ரலி) அவர்களை நினைக்கிறோம். பிறகு மகனுக்குப் பெண் பார்க்கப் போய், மாநிறம் என்று முகம் சுளித்துத் திரும்புகிறோம். பெயரற்ற பொட்டலத்தை விற்றவருக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் அந்த முகச்சுளிப்பே.

"விற்பனை குறையத்தான் செய்யும், சகோதரி" என்று மறைக்காமல் சொன்னோம். அவர் பதிலேதும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரு மாதம் கழித்து, மகளின் கையில் இரண்டு கட்டிகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். மேலே சுற்றிய தாளில் சேர்மானம் ஒவ்வொன்றும், வார்த்த தேதியும் கையெழுத்தில் இருந்தன. பட்டியலில் பொடி இல்லை. உரிமத்துக்கு விசாரித்துக்கொண்டிருப்பதாக மகள் சொன்னாள். பெட்டி இன்னும் எமது வாசலுக்கு வரவில்லை. வரும்போது முதல் கட்டியை வாங்க நாம் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் புட்டியையும் கட்டியையும் இன்றைக்கே கையிலெடுத்துப் படித்துப் பாருங்கள். பெயரில்லாத களிம்பு எதுவும் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். நெடுநாள் பூசியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் உடலையும் உழைப்பையும் பார்வையையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.