கார் துவக்க அமைப்பின் மின்பழுதுகள்

பேட்டரி, சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டு, செல்ஃப் மோட்டார், இவற்றை இணைக்கும் கேபிள்கள் ஆகியவை சேர்ந்ததே காரின் துவக்க அமைப்பு. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் துவக்கி 1912-ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில் இத்தகைய மோட்டார்களைத் தயாரிக்கிறது.

‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற புகார் ஒன்றுதான், காரணங்கள் பல. முதல் துப்பு சத்தம். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் பூத்தோ தளர்ந்தோ இருக்கும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சொலினாய்டின் உள்முனைகளோ மோட்டாரின் கார்பனோ சந்தேகத்துக்குரியவை. விளக்கெல்லாம் நன்றாக எரிந்தும் சத்தமே வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும்.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியை நல்லதென்று நம்பிவிடக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் பலவீனம். விழாமலிருந்தும் மோட்டார் திணறினால் கேபிளைச் சோதிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை என்ஜின் உடலிலும் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுச் செல்ஃப் அடித்தால் ஏறக்குறைய 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் பட்டையில் துரு. பாசிட்டிவ் முளைக்கும் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் மோட்டாரைக் கழற்றுவது வீண் செலவு.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பேட்டரி இறங்கும். தாம்பரத்தில் மின்ரயில் ஏறி வேலைக்குப் போவோரின் கார் நாள்கணக்கில் வீட்டு வாசலிலேயே நிற்கும். நின்ற நிலையிலும் 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும்.

வெள்ளத்தில் நின்ற காரின் கதை வேறு. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திக் காப்பாற்றினார்கள். மூழ்கிய காரில் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். என்ஜின் பாதுகாப்பு கூடுதல் காப்பீடு இல்லாதவருக்கு அந்தச் செலவு கிடைப்பதும் கடினம். முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ, ஆயில் பால் நிறமாகியிருந்தாலோ காரை டோ செய்து கொண்டுபோவதே வழி. வடிந்த பிறகு நன்றாக ஓடும் காரிலும் சில வாரங்களில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்து, செல்ஃப் ஒருநாள் எடுக்கும், மறுநாள் எடுக்காது.