தருமபுரித் தொகுதியும் 'கோட்டை' என்னும் வழக்கும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அஃது அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராய் விளங்கிற்று என்பதும் தமிழ் பயில்வோர் அறிந்தனவே. அவ்வூரை வென்றமையால் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' எனச் சேரவேந்தன் ஒருவன் பெயர் பெற்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடுகின்றது. அரண் காத்தலை நொச்சி என்றும், அரண் முற்றுதலை உழிஞை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வேறு பிரித்துக் கூறும். காப்போர் உளரேல் கொள்வோரும் உளர் என்பது அப்பகுப்பாற் பெறப்படும். எனவே, கோட்டை என்ற அளவில் அது வீழாதது என்னும் பொருள் பண்டு இருந்ததில்லை.

இந்நாளில் அச்சொல் தேர்தற் பேச்சிலும் வழங்குகின்றது. ஒரு கட்சி தொடர்ந்து வெல்லும் தொகுதியை அதன் கோட்டை என்கின்றனர். பிற நாட்டாரும் இத்தகைய பகுப்புச் செய்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்து நடுவில் பேராயத்திற்குத் தேர்தல் வரும்போது, ஆய்வோர் தொகுதிகளை உறுதியானவை, ஒருபாற் சாய்ந்தவை, இழுபறியானவை என வகுப்பர். தேர்தல் நெருங்க நெருங்க அவ்வகைமையை மாற்றியும் அமைப்பர். நம் வழக்கிலோ ஒருமுறை கோட்டை எனப் பெயர் பெற்றது நெடுநாள் அப்பெயரோடே நிற்கின்றது. இது பொருந்துமா என்பதைத் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியை வைத்து ஈண்டு ஆராய்வோம்.

1998, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இங்குப் பாட்டாளி மக்கள் கட்சியே வென்றது. கோட்டை என்னும் பெயருக்கு இதுவே அடிப்படை எனலாம். ஆயினும் 1998இல் அக்கட்சி அ.தி.மு.க.வுடனும், 1999இல் தி.மு.க., பாரதிய சனதா கட்சிகளுடனும், 2004இல் தி.மு.க., காங்கிரசுக் கட்சிகளுடனும் சேர்ந்து நின்றது. கோட்டை ஒன்றே, காவற்படை மும்முறையும் வேறு.

2009இல் தொகுதி எல்லைகள் மாறின. அவ்வாண்டில் பா.ம.க. அ.தி.மு.க.வுடன் கூடி நின்றும், தி.மு.க. ஏறத்தாழ 1,36,000 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றது. 2014இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுள் 37இல் அ.தி.மு.க. வாகை சூடியது, அதற்கு அகப்படாத இரண்டனுள் தருமபுரி ஒன்று. பாரதிய சனதாவின் அணியில் நின்ற பா.ம.க. இங்கு 77,000க்குச் சற்று மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றது, தி.மு.க. மூன்றாமிடத்திற்குச் சென்றது. அத்தி.மு.க.வே 2019இல் 70,000க்குச் சற்று மேற்பட்ட வேறுபாட்டில் தொகுதியைக் கைப்பற்றியது. 2024இலும் அக்கட்சியே வென்றதாயினும், வேறுபாடு 21,300 ஆகச் சுருங்கிற்று.

கூட்டணிக் கணக்கே எல்லாவற்றையும் விளக்கும் என்பாரும் உளர். அதனையும் உடன்படுதற்கு இயலவில்லை. 2014இல் எதிரெதிர் நின்ற பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் பெற்ற வாக்குகளைக் கூட்டின் எட்டரை இலக்கத்தை எட்டும். 2019இல் அவ்விரண்டும் ஓரணியில் நின்றபோது கிடைத்தவை ஐந்து இலக்கத்திற்குச் சற்றே மேற்பட்டன. 2024இல் மீண்டும் பிரிந்தபோதோ, இரண்டின் கூட்டுத்தொகை ஏழு இலக்கமாயிற்று. தலைவர்கள் கூட்டியது போல் வாக்காளர் கூடவில்லை என்பது இதனால் விளங்கும்.

இடைத்தேர்தல்கள் இதனை மேலும் தெளிவுறுத்துகின்றன. 2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைபெற்ற பென்னாகரம் இடைத்தேர்தலில் தி.மு.க. வென்றது, தனித்து நின்ற பா.ம.க. இரண்டாமிடம் பெற்றது, அ.தி.மு.க. மூன்றாமிடம் பெற்றுக் கட்டுத்தொகையை இழந்தது. அடுத்த ஆண்டிலேயே அ.தி.மு.க. அணியைச் சேர்ந்த இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அத்தொகுதியை வென்றது. 2016இல் மீண்டும் தி.மு.க., 2021இல் பா.ம.க. என வெற்றி கைமாறிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தல்களும் நடைபெற்றன. நாடாளுமன்றத் தொகுதியில் தி.மு.க.வும், அவ்விரு சட்டமன்றத் தொகுதிகளிலும் அ.தி.மு.க.வும் வென்றன. முன்னது ஆறு சட்டமன்றப் பகுதிகளைச் சேர்த்து எண்ணியது ஆதலின் இரண்டனையும் நேர்நிறுத்தி ஒப்பிடல் தகாது. எனினும், ஒரே நாளில் ஒரே வட்டாரம் இருவேறு முடிவுகளைத் தந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்வாராய்ச்சியால் பயன் யாது எனின், கூறுவோம். கோட்டை என்ற பெயர் வாக்காளரைக் கற்களாக்குகின்றது. உரியவர் தமதென்று சோம்பியிருப்பர். மற்றவர் வீணென்று விலகுவர். இடையில் மக்கள் குறை கேட்பாரற்றுப் போகும். புளூரைடு மிக்க நிலத்தடி நீரால் நெடுங்காலம் அல்லலுற்ற மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் தி.மு.க. ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2013இல் அ.தி.மு.க. ஆட்சி அதனைத் தொடங்கி வைத்தது. இரு சாராரும் அப்பெருமைக்கு உரிமை கொண்டாடுவது குறையன்று. யாரும் உறுதியாகப் பெறாத வாக்கே அனைவரையும் நாடி வரச் செய்யும் என்பது எம் கருத்து.

தகடூரின் மதில் வீழ்ந்தது ஒரு வேந்தனின் படையால். இன்று தருமபுரியில் மதிலும் இல்லை. நிலையான காவலரும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் மக்களே உளர். ஆதலின் 'கோட்டை' என்னும் சொல்லை இத்தொகுதிக்கு வழங்குவது வரலாற்றொடு பொருந்தாது என்பது போதரும்.