தேக்காவில் மாடுகள் உண்ட தீவனம்

சிராங்கூன் சாலையை ஒட்டிய பஃப்பலோ ரோடும் கெர்பாவ் ரோடும் ஒரே பொருளைச் சொல்லும் பெயர்கள். மலாய் மொழியில் 'கெர்பாவ்' என்றால் எருமை; 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். கல்கத்தாவில் பிறந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரும் அங்கே ஒரு சாலைக்கு நிலைத்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொழில் இங்கே வேரூன்ற ரோச்சோர் ஆற்று நீரும் புல்வெளியும் உதவின. மாடுகளின் உழைப்பை நம்பிக் கோதுமை ஆலைகளும் எள்ளுச் செக்குகளும் எழுந்தன. மாவும் எண்ணெயும் மனிதருக்கு. தவிடும் பிண்ணாக்கும் மாட்டுக்கு. நம்மவரான பால்காரர்கள் வீடுதோறும் ஊற்றிய பாலுக்கு இத்தகைய தீவனமே ஆதாரம்.

இதில் சிக்கனம் மட்டுமா இருக்கிறது? கன்று ஈனுவதற்குச் சற்று முன்னும் பின்னும் பசுவின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைகிறது. தீனி உண்பதும் குறைகிறது. ஆனால் பால் சுரக்கச் சத்து மிகுதியாக வேண்டும். மடிவீக்கம் எளிதில் பற்றும் வேளை அது. பிண்ணாக்கிலே புரதமும், தவிட்டிலே தாது உப்புகளும், பசும்புல்லிலே வைட்டமின் ஈயும் உண்டு. புல் காயக் காய அந்த வைட்டமின் குறையும். அதனால்தான் இன்றைய பண்ணைகளில் அதனுடன் செலினியத்தையும் அளவறிந்து கலக்கிறார்கள். செலினியம் அளவு மிஞ்சினால் நஞ்சு!

நகரம் வளர, 20ஆம் நூற்றாண்டில் தொழுவங்கள் அகன்றன. பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைச் சிறுவர்கள் வியந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு மாட்டைக் காட்டினால் மட்டும் போதாது. அதைக் காத்த தீவனத்தின் கதையையும் சொல்வோம்.